‘ரெந்தெ’ என்று கடிதம் வந்தால் வாடகை என்று நினைக்காதீர்கள்

நோர்வேக்கு வந்து இறங்கியதும் வரி அட்டை, வங்கிக் கணக்கு, பாங்க்ஐடி எனும் மின் அடையாளம் என்று ஓட வேண்டும். அதெல்லாம் முன்னுக்கு வந்த ஆக்கள் சொல்லித் தருவினம். நான் எழுத வந்தது ஒரேயொரு சொல்லைப் பற்றி.

அக்காவின் மகன் ஒஸ்லோவில் வீடெடுத்த மூன்றாம் மாதம் ஒரு கடிதம் வந்தது. அதில் ‘ஃபொர்சிங்கெல்செஸ்ரெந்தெ’ என்று கிடந்தது. ஆங்கிலம் நன்றாகப் படித்த பெடியன், ‘ரெண்ட்’ என்று வாசித்தான். வாடகைதான் முதலாம் திகதியே கட்டியாச்சே! சந்தேகத்துக்கு ஜெர்மனியில் இருக்கும் சின்னம்மாவுக்கு, அதாவது என் தங்கச்சிக்கு, ஃபோன் எடுத்திருக்கிறான். “ரெண்டெ எண்டால் பென்சன் காசடா, உனக்கு ஏன் இப்ப?” என்று அவள் சிரித்திருக்கிறாள். கடிதம் லாச்சிக்குள் போய்விட்டது. பக்கத்துத் தெருவில் இருக்கும் மாமன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தங்கச்சி சொன்னது அவளுடைய நாட்டுக்குச் சரி. திருப்பிக் கொடுப்பதைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஊரூராய்ப் போயிருக்கிறது. பிரான்சில் அது போட்ட முதலால் வரும் வருமானம். அதிலேயே இருந்து சாப்பிடுபவர் ‘ரொந்தியே’. ஆங்கிலத்தில் வாடகை, ஜெர்மனியில் ஓய்வூதியம், ஸ்பெயினில் வருமானம். நெதர்லாந்து, டென்மார்க், நோர்வே, சுவீடன் நாலிலும் வட்டி. கடிதத்தில் இருந்தது சுணக்க வட்டி. வாடகைக்கு இங்கே ‘ஹுஸ்லையெ’. கூத்து என்னவென்றால், ‘ரெண்ட்’ என்று அதே எழுத்தில் நோர்வேஜியனிலும் ஒரு சொல் உண்டு: சுத்தமானது!

கடிதம் வந்தது அவன் கட்ட மறந்துபோன கரண்ட் பில்லுக்கு. சுணக்க வட்டி வீதத்தை நிதி அமைச்சு வருஷத்தில் 2 தரம், ஜனவரி 1, ஜூலை 1 இல் மாற்றும்; மத்திய வங்கி வீதத்துக்கு மேல் குறைந்தது 8 சதவீதப் புள்ளி. ஆனாலும் சின்னக் கடனுக்கு அது சில குரோணர்தான். ஆளைத் தின்பது கடன் அறவிடும் கம்பனியின் கட்டணம். ‘இன்காசோவார்செல்’ (கடன் அறவிடப் போகிறோம் என்ற எச்சரிக்கை) என்று தலைப்பிட்ட கடிதம் வந்தால் குறைந்தது 14 நாள் தவணை இருக்கும். அதற்குள் கட்டிவிடுங்கள், எந்தப் பில்லுக்கான காசு என்று காட்டும், பில்லில் உள்ள கேஐடி இலக்கத்தையும் பிழையில்லாமல் அடியுங்கள். ஊரில் மாதிரி சிவப்பு நோட்டீஸ் வரட்டும், அடுத்த மாதம் சேர்த்துக் கட்டுவம் என்று இருந்தால் 800 குரோணர் பில் கிட்டத்தட்ட 1,400 ஆகலாம். எங்கடை பெடியனுக்கு ஆனது.

காசைக் கட்டிவிட்டு அந்த லாச்சியைக் கிளறினேன். இன்னொரு தாளும் கிடந்தது: படிக்கட்டு கழுவும் முறை அவனுடையதாம், மூன்று கிழமையாய்.