மேம்பாலத்தில் வழுக்கிய பெடல்

சைக்கிளில் மேம்பாலம் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தேன். 'டக்'கென்று பெடல் வழுக்கி, முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. பின்னால் பஸ். விழாமல் தப்பியதே பெரிய விஷயம்.

செயின் தொய்ந்திருக்கும் என்று பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து நட்டை முடுக்கினேன். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது, மறுபடி அதே வழுக்கல். அப்புறம்தான் ஸ்கேலை எடுத்தேன். செயினை விறைப்பாகப் பிடித்து, ஒரு பின்னின் (கண்ணிகளை இணைக்கும் சிறு ஆணி) நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள பின்னின் நடுவரை அளந்தால் 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் கூடினாலே மாற்றிவிட வேண்டும். எனக்கு 1/8 அங்குலம் கூடியிருந்தது! இரும்பு ஒன்றும் நீளவில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின் தேய்ந்து இடைவெளி விழுந்திருக்கிறது.

புதுச் செயின் மாட்டினேன். முன்னைவிட மோசமாக வழுக்கியது. மண்ணெண்ணெய் விட்டு ஃப்ரீவீலை, அதாவது பின்சக்கரத்தில் செயின் மாட்டும் பல்சக்கரத்தை, துடைத்ததும் விஷயம் புரிந்தது: பற்கள் எல்லாம் சுறாவின் துடுப்புபோல ஒரு பக்கம் சாய்ந்து, கூராகிக் கிடந்தன. பழைய செயினோடு சேர்ந்தே தேய்ந்த பல்லில் புதுச் செயின் எப்படி உட்காரும்? 18 பல் ஃப்ரீவீல் ஒன்று வாங்கி மாற்றியதும் வழுக்கல் நின்றது. முன்பக்கப் பல்சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் அதிகம், தேய்மானம் மெதுவாகத்தான் வரும்.

முதலிலேயே அளந்திருந்தால் செயின் செலவோடு போயிருக்கும். இப்போது மாதம் ஒருமுறை ஸ்கேல் வைக்கிறேன். மழையில் நனைந்தால் அன்று இரவே துடைத்து எண்ணெய் விடுகிறேன்.