இணையவழிப் புகைப்பட அச்சு: ஆர்டர் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

படம் ஒன்றுக்கு என்ன விலை என்று மட்டும் பார்த்து அச்சு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. தளத்தின் முகப்பில் பெரிய எழுத்தில் தெரிவது பொதுவாக 4×6 அங்குலப் படத்தின் விலை. அனுப்பும் செலவும் பெரிய அளவுகளின் விலையும் பணம் செலுத்தும் பக்கத்துக்குப் போன பிறகே தெரியவரும். எனவே இரண்டு மூன்று தளங்களில் ஒரே படங்களை ஒரே அளவுகளில் கூடையில் சேர்த்து, இறுதித் தொகையை ஒப்பிடுவதே முறை. ஆனால் விலையில் ஏமாறுவது சிறிய இழப்புதான். படத்தையே இழக்க வைக்கும் தவறுகள் வேறு.

அவற்றில் முதன்மையானது, படத்தின் நீள அகல விகிதமும் தாளின் விகிதமும் ஒன்றுதானா என்று பாராமல் விடுவது. டிஎஸ்எல்ஆர் (லென்ஸை மாற்றிப் பொருத்தக்கூடிய) வகைக் கேமராக்களில் பெரும்பாலானவை 3:2 விகிதத்தில் படமெடுக்கின்றன. 4×6 தாளும் அதே விகிதம் என்பதால் படம் அப்படியே பொருந்திவிடும். கைப்பேசிகளோ பெரும்பாலும் 4:3 விகிதத்தில் எடுக்கின்றன. அந்தப் படம் 4×6 தாளை முழுவதும் நிரப்ப வேண்டுமானால், அதன் குறுகிய பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கை வெட்டித்தான் ஆகவேண்டும். கேமராவில் எடுத்த 3:2 படத்தை 8×10 அளவில் போட்டாலோ நீளத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும்.

ஆறில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு என்பதை நான் ஒரு குடும்பப் படத்தில்தான் புரிந்துகொண்டேன். பதினான்கு பேர் ஒரே வரிசையில் நின்ற படம் அது. அச்சாகி வந்தபோது வலது ஓரத்தில் நின்ற அண்ணிக்குப் பாதி முகம்தான் மிஞ்சியிருந்தது. இடது ஓரத்தில் ஒரு குழந்தையின் தோள்மேல் கை ஒன்று இருந்தது, கைக்குரிய சித்தப்பாவைக் காணவில்லை. முன்னோட்டம் பார்க்கும் வசதி அந்தத் தளத்தில் இருந்தது, ஆனால் இரண்டு பக்கங்கள் தள்ளி ஒளிந்திருந்தது, நானும் தேடவில்லை. அன்றிலிருந்து எந்தத் தளத்தையும் நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்: ஒவ்வொரு படத்திலும் எந்தப் பகுதி வெட்டுப்படும் என்பதை ஆர்டருக்கு முன்பே காட்டுகிறதா, வெட்டும் சட்டத்தை நகர்த்த விடுகிறதா, ஓரத்தில் வெள்ளை இடம் விட்டாவது முழுப் படத்தையும் அச்சிடும் வழி தருகிறதா? இம்மூன்றும் இல்லாத தளம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அடுத்தது, மூலக் கோப்பை விட்டுவிட்டுக் கையில் கிடைத்த பிரதியைப் பதிவேற்றுவது. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான கணக்கு. 4×6 படத்துக்கு 1200×1800 பிக்சலும், 8×10 படத்துக்கு 2400×3000 பிக்சலும் தேவை. 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படத்தில் 4032×3024 பிக்சல்கள் இருப்பதால் அது 8×10க்குத் தாராளமாகப் போதும். அதே படம் வாட்ஸ்அப்பில் வழக்கமான முறையில் அனுப்பப்பட்டுச் சுருங்கி, நீண்ட பக்கம் 1600 பிக்சலாகிவிட்டால், 10 அங்குல நீளத்தில் அங்குலத்துக்கு 160 பிக்சல்தான் மிஞ்சும். கண்ணிமையும் தலைமுடியும் மெழுகு பூசியதுபோல் வழவழத்துப் போகும். பிறர் எடுத்த படம் என்றால் டாக்குமென்ட் ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். சில அச்சுச் செயலிகள் பதிவேற்றும்போதே படத்தைச் சுருக்கிவிடுவதும் உண்டு. அமைப்புகளில் 'மூல அளவு' என்ற தேர்வு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறத்தைப் பற்றிய புகார்களில் பல, திரையின் வெளிச்சத்தை முழுவதுமாகக் கூட்டிவைத்துப் படம் பார்க்கும் பழக்கத்திலிருந்து வருபவை. திரை தானே ஒளிர்கிறது, தாள் ஒளிர்வதில்லை. ஆகவே அச்சு இருண்டு தெரியும். மறுபக்கம், பல தளங்கள் கேட்காமலேயே தானியங்கித் திருத்தம் செய்து, அந்திவெயிலின் மஞ்சளைக் குறையாகக் கருதி நீக்கிவிடுகின்றன. நீங்களே திருத்திய படம் என்றால் அந்தத் தேர்வை அணைத்துவிடுங்கள். கோப்பை எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் (திரைகளும் பெரும்பாலான அச்சகங்களும் எதிர்பார்க்கும் பொதுவான நிற வரையறை) ஜேபெக் ஆகச் சேமித்து அனுப்புவது பாதுகாப்பானது. அதைவிட விரிந்த நிறவெளியான அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால், அதைக் கவனிக்காத அச்சகத்தில் நிறங்கள் வெளிறிப்போகும்.

தாளைப் பொறுத்தவரை நீண்ட யோசனை தேவையில்லை: பலர் கைமாறிப் பார்க்கும் படங்களுக்கு விரல்ரேகை பதியும் பளபளப்பான கிளாஸியைவிட, பளபளப்பில்லாத மேட் அல்லது லேசாக மின்னும் லஸ்டர் மேல்.

பதிவேற்றிவிட்டோம், இனி படங்கள் அங்கே பத்திரமாக இருக்கும் என்று நம்பிக் கைப்பேசியிலிருந்து அழிப்பது ஆபத்தான தவறு. கோடக் போன்ற பெரும்பெயர் கொண்ட நிறுவனமே இணையத்தில் படங்களைச் சேமித்து அச்சிட்டுத் தந்த தன் கோடக் கேலரி சேவையை 2012இல் மூடியது. வாடிக்கையாளர்களின் படங்களை ஷட்டர்ஃபிளை என்ற மற்றொரு இணைய அச்சு நிறுவனம் ஏற்றுக்கொண்டது அவர்களின் நல்ல காலம். மூலக் கோப்புகளை உங்களிடமே வைத்துக்கொண்டு, அச்சு நிறுவனத்தை அச்சுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

ஒரேயடியாக முந்நூறு படங்களை அனுப்பாமல், முதலில் பத்துப் படங்களை மட்டும் வரவழையுங்கள். அவற்றில் ஒரு நெருக்கமான முகம், ஒரு இரவுக் காட்சி, வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர், ஓரம்வரை ஆட்கள் நிற்கும் குழுப்படம் ஆகியவை இருக்கட்டும். ஒரு படத்தைத் திருத்தத்தோடும் திருத்தமில்லாமலும் இருமுறை கேளுங்கள். வந்ததும் சன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒப்பிடுங்கள், உறையின் மூலை மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மடங்கியிருந்தால் புகார் எழுதுங்கள். அதற்கு எத்தனை நாளில், என்ன பதில் வருகிறது என்று பார்த்த பிறகு மீதி இருநூற்றுத் தொண்ணூறையும் அங்கேயே அனுப்பலாமா என்று முடிவு செய்யலாம்.