ஜெட் ஸ்கி கத்துகிறது, வேகம் ஏறவில்லை: பம்ப் கேவிடேஷனைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

நின்ற இடத்திலிருந்து த்ராட்டிலை முழுக்க அழுத்துகிறீர்கள். ஆர்பிஎம் எகிறுகிறது, இன்ஜின் அலறுகிறது, வண்டி மட்டும் அசைந்து அசைந்து நகர்கிறது. கிளட்ச் தேய்ந்த பைக்கை மேட்டில் முறுக்கினால் இருக்குமே, அதே உணர்வு. ஆனால் ஜெட் ஸ்கியில் கிளட்ச் கிடையாது. பம்ப்புக்குள் சுற்றும் இலைச்சக்கரமான இம்பெல்லர், தான் பிடித்துத் தள்ளவேண்டிய தண்ணீரிலேயே வழுக்குகிறது.

இந்த நிலையில் பலர் முதலில் புது இம்பெல்லருக்கு விலை விசாரிக்கிறார்கள். கடைசியில் பார்க்கவேண்டிய பொருள் அது. குப்பை, வேர் ரிங் (wear ring, இம்பெல்லரைச் சுற்றியிருக்கும் தேயும் வளையம்), காற்றுக் கசிவு, அப்புறம்தான் இம்பெல்லர். செலவும் இதே வரிசையில்தான் ஏறும்.

கேவிடேஷன் என்ற ஒரே பெயரில் இரண்டு கோளாறுகளைச் சொல்கிறோம். அசல் கேவிடேஷனில் வெளிக்காற்றுக்கு வேலையே இல்லை. இலையின் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் அளவுக்கு மீறி விழுந்தால் தண்ணீர் அங்கேயே ஆவியாகிக் குமிழாகிறது. 30 டிகிரி சூட்டில் உள்ள தண்ணீர், அழுத்தம் சுமார் 4.2 கிலோபாஸ்கலுக்கு, அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தில் 24-ல் ஒரு பங்குக்கு இறங்கினாலே கொதித்துவிடும். அந்தக் குமிழ்கள் அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் நொறுங்கி, உலோகத்தைப் பொடிப்பொடியாகக் கொத்துகின்றன. இரண்டாவது கோளாறு, பம்ப் எங்கிருந்தோ வெளிக்காற்றை உறிஞ்சுவது. ஓட்டுபவருக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். வைத்தியம்தான் வேறு.

கருவியை எடுக்கும் முன் எப்போது வழுக்குகிறது என்று கவனியுங்கள். திடீரென்று தொடங்கி, கூடவே அதிர்வும் இருந்தால் குப்பை சிக்கியிருக்கும், அல்லது இலை வளைந்திருக்கும். பல மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகி, கிளம்பும்போது மட்டும் வழுக்கி, வேகம் வந்தபின் பிடித்துக்கொண்டால் வேர் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பம்ப்பைக் கழற்றி மாட்டிய மறுநாளே தொடங்கினால் சீலில் இடைவெளி விட்டிருக்கிறீர்கள். அலையில் குதித்து இறங்கும்போதோ, ஒடித்துத் திருப்பும்போதோ ஒரு நொடி அலறுவது கோளாறே இல்லை. அந்த நேரத்தில் பம்ப் உண்மையிலேயே காற்றைத்தான் விழுங்குகிறது.

முதலில் குப்பை

இன்ஜினை நிறுத்தி, லேன்யார்டை, அதாவது கயிறு கட்டிய பாதுகாப்புச் சாவியை, கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாவி வண்டியில் இருக்கும்போது, அடியில் தண்ணீர் நுழையும் கம்பித் தடுப்பான கிரேட்டுக்குள் விரல் போகக்கூடாது. வண்டியை டிரெய்லரில் ஏற்றி, அடியிலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் நல்லது. நடுத்தண்ணீரில் மாட்டிக்கொண்டு வண்டியைப் புரட்டித்தான் ஆகவேண்டும் என்றால், பின்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அம்புக்குறி காட்டும் திசையில் மட்டும் புரட்டுங்கள். மாற்றிப் புரட்டினால் மஃப்ளரில் நிற்கும் தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடும்.

பிளாஸ்டிக் பையும் ஆகாயத்தாமரை வேரும் கண்ணுக்குத் தெரியும். ஏமாற்றுவது நைலான் வலை நூல். அது இலையில் சிக்குவதில்லை. இம்பெல்லருக்கு முன்னால் ஷாஃப்ட்டைச் சுற்றி இறுகி, உரசலில் உருகி, கறுப்பாக ஒரு வளையம்போல் கெட்டிப்படுகிறது. பார்த்தால் வண்டியோடு வந்த பாகம் என்றே தோன்றும். நகத்தால் கீறிப் பாருங்கள், நார் பிரிந்தால் அது நூல்தான். வளைந்த முனையுள்ள கத்தியால் ஷாஃப்ட்டின் நீளவாக்கில் அறுத்து, இடுக்கியால் உரித்தெடுங்கள். கத்தி சீலின் உதட்டில் படக்கூடாது.

வேர் ரிங் இடைவெளி

இம்பெல்லரின் இலை நுனிக்கும் அதைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் நடுவில் முடியளவு இடைவெளிதான் இருக்கவேண்டும். அது அகலமானால், பின்னால் தள்ளிய தண்ணீர் அதே இடுக்கு வழியாக முன்னால் திரும்பிவிடும். சீ-டூ கம்பெனி வண்டிகளில் பொதுவாக இந்த வளையம் பிளாஸ்டிக். மணலும் கல்லும் வந்தால் இம்பெல்லருக்குப் பதில் தான் தேய்வதற்கென்றே வைத்த பலியாடு அது. யமஹாவில் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் லைனர்.

இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை ஒவ்வொரு இலையின் நுனியிலும், வளையத்தைச் சுற்றி நான்கு இடங்களில் விட்டு அளங்கள். ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். சீ-டூவில் 0.35 மி.மீ. தாண்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. யமஹாவில் புதிதிலேயே 0.35 முதல் 0.45 வரை இருக்கும், எல்லை 0.6 மி.மீ. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் வேறு எண் சொன்னால் அதுவே இறுதி. எண் சரியாக இருந்தாலும், வளையத்தில் நகம் மாட்டுமளவுக்கு ஆழமான கோடு ஓடினால் அதுவும் கசிவு வழிதான். ஒரு பக்கம் மட்டும் இடைவெளி அதிகமாக இருந்தால் வளையத்தோடு விஷயம் முடியவில்லை. இம்பெல்லரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பம்ப் பேரிங் போயிருக்கிறது. அதை விட்டுவிட்டு ரிங்கை மட்டும் மாற்றினால் புதுசும் சீக்கிரமே அரைபடும்.

சீ-டூ ரிங்கை மாற்ற, ஸ்டீயரிங் கேபிளையும் வண்டிக்குள் தேங்கும் பில்ஜ் தண்ணீரை உறிஞ்சும் ஹோஸ்களையும் கழற்றி, பம்ப்பைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளை எடுத்து, நேராகப் பின்னால் இழுங்கள். பழைய மாடல்களில் பம்ப்புக்கும் ஹல்லுக்கும் (வண்டியின் அடி உடல்) நடுவே இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் தகடு இருக்கலாம். எந்த போல்ட்டில் எத்தனை என்று போட்டோ எடுத்துவையுங்கள், மாறினால் ஷாஃப்ட் நேர்கோட்டில் நிற்காது. இம்பெல்லரைக் கழற்ற அதற்கென்று உள்ள ஸ்ப்லைன் டூல் வேண்டும். மரை திரும்பும் திசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பார்த்துக்கொண்டு பலம் போடுங்கள்.

பழைய வளையத்தை ஹாக்ஸா பிளேடால் இரண்டு இடத்தில் அறுக்கவேண்டும், ஆனால் முழு ஆழத்துக்கு அல்ல. கடைசி ஒரு மில்லிமீட்டரை விட்டுவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் உள்பக்கமாக மடக்கினால் ஒடிந்து வரும். பிளேடு ஹவுஸிங்கில் இறங்கினால் அந்தக் கீறலிலேயே உப்பு அரிப்பு தொடங்கும். அடுத்து பலரும் அவசரத்தில் தாண்டிவிடும் வேலை: ஹவுஸிங்கின் உட்சுவரில் படிந்த வெள்ளை உப்புப் படிவத்தை ஸ்காட்ச் பிரைட்டால் முழுக்கத் தேய்த்தெடுப்பது. அது மிச்சமிருந்தால் புது ரிங் அந்த இடத்தில் உள்ளே பிதுங்கி, வட்டம் கெட்டு, இம்பெல்லரைக் கவ்வும். புது ரிங்கை இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் கொஞ்சம் சுருங்கும். எடுத்த கையோடு, மேலே தட்டையான மரக்கட்டை வைத்து, ஒரு பக்கமாகச் சாயாமல் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்குங்கள். இம்பெல்லரை மாட்டிக் கையால் சுற்றும்போது லேசான உரசல் இருந்தால் பரவாயில்லை. ஒரே இடத்தில் இறுகினால் ரிங் முழுதாக உட்காரவில்லை.

காற்று நுழையும் வழி

குப்பையும் இல்லை, இடைவெளியும் சரி, அப்படியும் வழுக்கினால் காற்றைத் தேடுங்கள். பல சீ-டூ மாடல்களில் ஷாஃப்ட் ஹல்லுக்குள் நுழையும் இடத்தில் மடிப்பு மடிப்பான ரப்பர் உறையான பெல்லோஸ், கார்பன் ரிங், அதை அழுத்தி நிற்கும் ஸ்டெயின்லெஸ் வளையம் என்று மூன்றும் சேர்ந்துதான் சீல். வண்டி தண்ணீரில் மிதக்க, இன்ஜின் நின்றிருக்க, சீட்டைத் தூக்கிவிட்டுக் கார்பன் ரிங்கைக் கையால் பின்னால் தள்ளுங்கள். தண்ணீர் உள்ளே பாயும். விட்டதும் பட்டென்று திரும்பி ஒட்டி, ஒழுக்கு நிற்கவேண்டும். சோம்பலாகத் திரும்பினால் பெல்லோஸ் தளர்ந்துவிட்டது, மாற்றுங்கள். சுற்றிலும் கறுப்புத் தூள் படிந்திருந்தால் கார்பன் தேய்கிறது. தண்ணீர் இல்லாமல் கரையில் ஓட்டுவது இந்த ரிங்கைச் சூடாக்கிக் கெடுத்துவிடும்.

யமஹா, கவாஸாகி வண்டிகளில் பம்ப்புக்கு முன்னால் உள்ள அடித்தகடும், பம்ப்புக்குத் தண்ணீர் வரும் பாதையான டனலும் சேரும் இடத்தில் சிலிகான் பூசியிருப்பார்கள். இருட்டியபின் டனலுக்குள் டார்ச்சை வைத்து, வெளியிலிருந்து இணைப்பைச் சுற்றிப் பாருங்கள். வெளிச்சக் கோடு தெரியும் இடத்தில் காற்றும் போகும். அந்த ஓட்டையில் மட்டும் புது சிலிகானை அப்பினால் பிடிக்காது. பழையதை முழுக்கச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, மரைன் சிலிகானை ஒரே கோடாக இழுத்து, 24 மணி நேரம் காயவிடுங்கள்.

கடைசியாக இம்பெல்லர்

இலையின் முன்விளிம்பில் கல் பட்ட சிறு வெட்டுகளை நைஸ் அரத்தால் சமப்படுத்தி, எமரியால் முடிக்கலாம். கத்திமுனைபோல் தீட்டவேண்டாம். விளிம்பு வளைந்திருந்தால் சுத்தியலை எடுக்காமல் ரீகண்டிஷன் செய்பவரிடம் கொடுங்கள், இலைகளின் பிட்ச் (சாய்வு) ஒன்றாக இருக்கவேண்டும். முன்விளிம்புக்குச் சற்றுப் பின்னால், பளபளப்பு போய், மணல் தெளித்தது போல் சொரசொரப்பான திட்டு தெரிந்தால் அதுதான் அசல் கேவிடேஷன் கொத்திய தடம். அது ஆழமாகிவிட்டால் மெருகு போட்டுப் பயனில்லை.

மாட்டும்போது, ஷாஃப்ட்டும் இம்பெல்லரும் கோர்க்கும் பல்வரிசையான ஸ்ப்லைனையும் பாருங்கள். அதன் பற்கள் மழுங்கியிருந்தால் ஷாஃப்ட் மட்டும் சுற்றி இம்பெல்லர் நின்றுவிடும். அறிகுறி கேவிடேஷன் போலவே இருக்கும், கூடவே உலோகம் கிறீச்சிடும். நல்ல ஸ்ப்லைனுக்கு மரைன் கிரீஸ் தாராளமாகப் பூசுங்கள்.

சோதனை ஓட்டத்தைக் குறைந்தது ஒரு மீட்டர் ஆழத்தில் வையுங்கள். முட்டுக்காடு போல மணல்திட்டு உள்ள இடமானால் வண்டியைக் கையால் தள்ளி ஆழத்துக்குக் கொண்டுபோய்த்தான் ஸ்டார்ட் செய்யவேண்டும், இல்லையென்றால் புது ரிங்கில் முதல் கோடு அங்கேயே விழும். முழு த்ராட்டிலில் ஆர்பிஎம்மையும் ஜிபிஎஸ் வேகத்தையும் குறித்துவைத்து, பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கி, வேகம் ஏறியிருந்தால் பம்ப் தண்ணீரைப் பிடித்துவிட்டது.