பழைய போலீஸ் மோட்டார் சைக்கிள் படத்தின் வயதைக் கணிப்பது எப்படி?

சீருடையிலிருந்து தொடங்காதீர்கள். நான் அப்படித் தொடங்கி ஏமாந்தவன். நிமிர்ந்து நிற்கும் காலரும் தொப்பியும் பழையனவாகத் தெரிந்ததால் ஒரு படத்தின் பின்னால் 1912 என்று எழுதிவிட்டேன். வண்டி ஹார்லி-டேவிட்சன்; முன்சக்கரத்தில் பிரேக் இருந்தது. அந்த நிறுவனம் முன் பிரேக் கொடுத்ததே 1928இல்தான்! பென்சிலால் எழுதியிருந்ததால் பிழைத்தேன்.

முதலில் கால் வைக்கும் இடத்தைப் பாருங்கள். சைக்கிள் போலப் பெடல் இருந்தால் பெரும்பாலும் 1916க்கு முந்தைய ஹார்லி; அந்த ஆண்டில் உதைத்துக் கிளப்பும் ஸ்டார்ட்டர் வந்தது. அடுத்து பெட்ரோல் டேங்க். தட்டையான பெட்டி போன்றிருந்தால் பழையது. ஹார்லியில் கண்ணீர்த்துளி வடிவம் 1925இல் வந்தது. விளக்கை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஹார்லியில் மின்விளக்கு 1915இலேயே கிடைத்தாலும், கார்பைடில் தண்ணீர் சொட்டி எரியும் வாயுவிளக்குகள் அதற்குப் பிறகும் ஓடின.

நிறம்தான் பெரிய பொறி. அக்காலப் படச்சுருள்கள் பலவற்றுக்குச் சிவப்பு தெரியாது. ‘இந்தியன்’ என்ற அமெரிக்க நிறுவனத்தின் சிவப்பு வண்டி கறுப்பாக விழும். நீலத் துணியோ எதிர்பார்த்ததைவிட வெளிறும். அதைக் காக்கி என்று எழுதிவிடாதீர்கள்.

இனி சீருடை. தொடையில் புடைத்த பிரீச்சஸ் காற்சட்டை, தோல் கணுக்காலுறை, நீண்ட கையுறை எல்லாம் பல ஆண்டுகள் மாறவில்லை, காலம் சொல்லாது. தோளிலிருந்து குறுக்கே இறங்கும் சாம் பிரவுன் பெல்ட்டும் அப்படியே. (1858இல் இடக்கையை இழந்த ராணுவ அதிகாரி வாளைத் தாங்க உருவாக்கியது அது.) பூதக்கண்ணாடியைப் பொத்தான்கள், தொப்பிச் சின்னத்தின்மேல் நகர்த்துங்கள், ஊர்ப்பெயர் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.