ஏற்காட்டு பழைய வீட்டுக்கு சுண்ணாம்புக் காரை பூசறது எப்படி

முதல்லயே சொல்லிடறேன், இது கான்கிரீட் பில்லர் போட்ட புது வீட்டுக்கு இல்லைங்க, கருங்கல்லோ செங்கல்லோ வச்சு மண்ணுலயும் சுண்ணாம்புலயும் கட்டின பழைய வீட்டுக்கு. எங்க அப்புச்சி வீடு ஏற்காட்டுல நாகலூர் போற வழியில இருக்கு, சுவரே 2 அடி தடிமன். ஒரு காண்ட்ராக்டர் பேச்சக் கேட்டு வெளிய பூரா சிமெண்ட் பூசினோம், பாக்க ஜம்முனுதான் இருந்துச்சு, ரெண்டு ஐப்பசி மழை தாண்டல, உள்ள ஓதம் ஏறி பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பிக்கிச்சு, தட்டினா டொப்பு டொப்புன்னு சத்தம். பழைய சுவரு தண்ணிய குடிக்கும், வெயில் வந்தா வெளிய விட்டுடும். சிமெண்ட் அந்த வழிய அடைச்சிடுது, ஆனா தானே வெடிச்சு அந்த வெடிப்பு வழியா தண்ணிய மட்டும் உள்ள விடுது.

நாகப்பட்டினத்துல எங்க சம்பந்தி வீட்லயும் இதே கதைதான், அங்க கூடவே கடல் உப்பு. ஈரம் காயுறப்ப உப்பு பூத்து செங்கல்லையே மாவா உதுத்துடும். கடலோர வீடுன்னா பூத்த உப்ப பிரஷ்ல உலர்வாவே தட்டி எடுங்க, தண்ணி ஊத்தி கழுவினா கரைஞ்சு திரும்ப உள்ளதான் போகும். உப்பு ரொம்ப இருந்தா முதல்ல ஒரு மட்டமான சுண்ணாம்புப் பூச்சு பூசி, அது உப்ப இழுத்ததும் சில மாசம் கழிச்சு சுரண்டிப் போட்டுட்டு அப்புறம் நல்ல பூச்சு பூசணும்.

மலைல உப்பு பிரச்சன கம்மி, மண்ணுதான் வில்லன். சரிவுல இருக்கற வீட்டுக்கு மேல்பக்கம் வருசா வருசம் மண்ணு இறங்கி சுவத்துமேல ஏறிடும். அத வெட்டி எடுத்து தண்ணி ஓட வாய்க்கா விடாம நீங்க தங்கத்துல பூசினாலும் நிக்காது. ஓட்டுத் தண்ணி எங்க விழுதுன்னும் பாருங்க. அப்புறம்தான் சிமெண்ட்ட பெயர்க்கறது, உளி சுத்தியல் வச்சு பொறுமையா, பிரேக்கர் மெஷின் விட்டா கல்லே ஆடிடும். பெயர்த்தப்புறம் சில வாரம் காய விடுங்க.

இப்ப சுண்ணாம்பு. சேலத்துல வெள்ளக்கல்லுக்குத்தான் பஞ்சமில்லையேன்னு ஒருத்தர் என்கிட்ட கேட்டாரு, அது மேக்னசைட்டுங்க, நமக்கு ஆகாது. சுண்ணாம்புக்கல் கிடைக்கறது சங்ககிரி பக்கம். சுட்ட சுண்ணாம்பு கட்டி கட்டியா புதுசா இருக்கணும், தண்ணில போட்டா கொதிக்கணும், ஏற்கனவே மாவா உதிர்ந்து கிடந்தா வாங்காதீங்க. இரும்பு டிரம்ல முதல்ல தண்ணிய ஊத்திட்டு அதுல சுண்ணாம்ப கொஞ்சம் கொஞ்சமா போடுங்க, மாத்தி சுண்ணாம்பு மேல தண்ணி ஊத்திடாதீங்க, மூஞ்சிக்குத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை கட்டாயம், பசங்கள பக்கத்துல விடாதீங்க, கண்ணுல பட்டா நிறைய தண்ணி விட்டு கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி. பிளாஸ்டிக் பக்கெட் சூட்டுல இளகிடும், அலுமினியப் பாத்திரத்த சுண்ணாம்பு அரிச்சிடும். இப்படி நீத்தினத, அதாவது தண்ணில கொதிச்சு கூழானத, சல்லடைல வடிச்சு மேல தண்ணி நிக்கற மாதிரி குறைஞ்சது ரெண்டு வாரம் ஊற விடுங்க, எவ்ளோ நாள் ஊறுதோ அவ்ளோ வெண்ணெய்.

நாங்க போட்ட கலவை 1 பங்கு சுண்ணாம்பு, 2 பங்கு மணல், 1 பங்கு செங்கல் தூள். மணல்ல பெருசும் சிறுசும் கலந்திருக்கணும், எம்-சாண்ட்னா தூசிய கழுவிட்டுப் போடுங்க. கடற்கரை மணல் கூடவே கூடாது. கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணில கலவைய பிசைஞ்சா இழுவை நல்லா வருது. கடுக்காய் நாட்டு மருந்துக் கடைல, வெல்லம் செவ்வாப்பேட்டைல. வெல்லத்த அள்ளிக் கொட்டாதீங்க, எறும்புதான் வரும்.

பூசற முந்தின நாளும் அன்னைக்குக் காலைலயும் சுவத்த நனைங்க, ஆனா தண்ணி வழியக்கூடாது. முதல் கை, அதாவது முதல் அடுக்கு பூச்சு, கரண்டியால ஓங்கி அடிச்சு ஏத்தணும், ஒரு கைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல போகாதீங்க. ஏன்னா சுண்ணாம்பு காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு வாங்கித்தான் திரும்ப கல்லாகுது, அதுவும் மாசத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஆழம்னு தோராயக் கணக்கு. மறுநாள் மயிர்க்கோடா வெடிப்பு வரும், பயப்படாம மணியாஸ் கட்டையால (பூச்ச தேய்க்கற மரக்கட்டை) அழுத்தித் தேய்ச்சு மூடிடுங்க. அடுத்த கைக்கு ஒரு வாரம் பத்து நாள் விடணும், இங்கதான் கொத்தனாருக்கும் நமக்கும் சண்டையே வரும், அவருக்கு ரெண்டு நாள்ல முடிச்சுட்டு அடுத்த சைட்டுக்கு ஓடணும், மொத்தமா பேசாம கைக்கு இவ்ளோன்னு கூலி பேசிட்டா தப்பிச்சீங்க.

ஏற்காட்டுல தை, மாசி நல்ல நேரம், பனி இருக்கும், மழை இருக்காது. கீழ சேலம் டவுன்ல சித்திரை வெயில்ல பூசினா கல்லாகறதுக்கு முன்னாடியே வெறும் மாவா காஞ்சிடும், நனைச்ச சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது ஈரம் காக்கணும்.

மேல பட்டி (வால் புட்டி), எமல்ஷன் பெயிண்ட் எதுவும் அடிக்காதீங்க, அடிச்சா திரும்ப சிமெண்ட் கதைதான். சுண்ணாம்ப மோர் பதத்துக்குக் கரைச்சு நாலு கை மெலிசா அடிச்சா போதும். முதல் கை அடிச்சப்ப சுவரு தெரியுதேன்னு எங்க அத்தை மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டாங்க, காஞ்சப்புறம்தான் வெளுக்கும்.