பிளவுஸ் கூலியில் மாதச் சம்பளம் நிற்குமா? கோலாலம்பூரில் வீட்டுத் தையல் தொடங்குவோருக்கான கணக்கு

ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம் முடித்த பெண்பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “அக்கா, ஃபேஷன் பக்கம் போனால் எவ்வளவு கிடைக்கும்?” இதற்கு ஒற்றை எண்ணில் பதில் கிடையாது. மாதச் சம்பளமா, உருப்படிக் கூலியா, சொந்தத் தொழிலா என்பதைப் பொறுத்து ஒரே கைவேலைக்கு மூன்று விதமான வருமானம் வரும். இந்தப் பதிவு மூன்றாவது வகைக்கு, அதிலும் வீட்டில் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்க நினைப்பவர்களுக்கு. லைனிங் வைத்த பிளவுஸ் ஒன்றைத் தனியாக வெட்டித் தைத்து முடிக்க உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தையல் பாடம் இதில் இல்லை, கூலி போடும் பாடம்தான்.

படி 1: முதலில் சம்பள வேலையின் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

சொந்தத் தொழில் லாபமா என்று பார்க்க, ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி (ரிங்கிட்). வாரம் 45 மணி நேரம் என்று வைத்து வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 72 காசு. இதுதான் தரை. இதற்குக் கீழே போனால் அதைத் தொழில் என்று சொல்லாதீர்கள்.

துணித் துறையில் சம்பளத்துக்கு இருக்கும் வேலைகள் பல: கடை விற்பனை, ஷோகேஸ் பொம்மைகளுக்கு உடுத்தி அலங்கரிக்கும் விஷுவல் மெர்ச்சண்டைசர், துணியையும் தயாரிப்பாளரையும் விரட்டிப் பிடித்துச் சரக்கை நேரத்துக்குக் கொண்டுவரும் மெர்ச்சண்டைசர், சாம்பிள் தைப்பவர், பேட்டர்ன் மேக்கர், இப்போது புதிதாக ஆன்லைனில் லைவ் ஓட்டி விற்பவர். எல்லோரும் ஆசைப்படுவது டிசைனர் நாற்காலிக்கு. ஒரு பிராண்டில் அந்த நாற்காலி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். என்னைக் கேட்டால் பேட்டர்ன் மேக்கர் வேலையைக் கற்றுக்கொள்ளச் சொல்வேன். அழகாக வரைபவர்கள் நிறைய இருக்கிறார்கள். வரைந்ததைத் தட்டையான பேப்பரில் இறக்கி, எஸ் முதல் டபுள் எக்ஸெல் வரை கோணாமல் பெரிதாக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

சம்பளத்தை ஒப்பிடும்போது கையில் வருவதை மட்டும் பார்க்காதீர்கள். 2,200 வெள்ளி சம்பளம் என்றால் முதலாளி அதற்கு மேல் 13 விழுக்காடு, அதாவது 286 வெள்ளி, உங்கள் இ.பி.எஃப் (ஓய்வுக்காலச் சேமநிதி) கணக்கில் போடுகிறார். ஆக உண்மை மதிப்பு 2,486. சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதி, சம்பளத்துடன் விடுப்பு எல்லாம் தனி. இந்த 2,486-ஐ ஓரமாக எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 2: நிமிடங்களை எழுதுங்கள்

பலர் சறுக்கும் இடம் இதுதான். “பிளவுஸ் தைக்க எவ்வளவு நேரம்?” என்று கேட்டால் “ரெண்டு மணி நேரம் கா” என்பார்கள். அது மெஷின் முன்னால் உட்கார்ந்த நேரம் மட்டும்.

அடுத்து வரும் ஐந்து பிளவுஸ்களுக்கு போனில் ஸ்டாப்வாட்ச் போடுங்கள். சாப்பிட எழுந்தால் நிறுத்துங்கள், வாடிக்கையாளருக்கு மெசேஜ் அடித்தால் நிறுத்தாதீர்கள். ஒரு புது வாடிக்கையாளரின் முதல் பிளவுஸுக்கு உதாரணக் கணக்கு இப்படி வரும்:

- அளவு எடுப்பது, கழுத்து டிசைன் பேசுவது: 25 நிமிடம்
- பேட்டர்ன் போட்டு வெட்டுவது: 35
- மெஷின் தையல்: 100
- ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் அடிப்பது): 10
- ஹூக், ஹெம்மிங், கைவேலை: 35
- இஸ்திரி: 10
- போட்டுப் பார்ப்பது: 20
- பிரித்துத் தைப்பது: 30
- வாட்ஸ்அப்: 15

மொத்தம் 280 நிமிடம், அதாவது 4 மணி 40 நிமிடம். இதில் மெஷின் ஓடியது ஓவர்லாக்கையும் சேர்த்து 110 நிமிடம்தான். மீதி 170 நிமிடத்துக்கு யாரும் கூலி கேட்பதில்லை. கேட்காததால் வாடிக்கையாளர் கொடுப்பதும் இல்லை.

வாட்ஸ்அப் 15 நிமிடம் அதிகம் என்று நினைத்தால், நம் ஆட்கள் கழுத்து டிசைனுக்கு எத்தனை படம் அனுப்புகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று படத்துக்கு மேல் வாங்காதீர்கள். “இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லுங்கள்மா” என்று அன்பாகச் சொன்னால் போதும்.

படி 3: விலை போடுவது

பக்கத்துத் தெரு டெய்லரின் விலையைக் கேட்டு அதில் ஐந்து வெள்ளி குறைப்பது விலை போடுவது ஆகாது. அவருக்கு இரண்டு உதவியாளர் இருக்கலாம், கடை சொந்தமாக இருக்கலாம். உங்கள் கணக்கு வேறு.

மணிக்கு 18 வெள்ளி வேண்டும் என்று வைப்போம். 280 நிமிடத்துக்கு 84 வெள்ளி. லைனிங், ஹூக், நூல், பைப்பிங், கப் எல்லாம் சேர்த்து 15. கரண்ட், ஊசி, மெஷின் தேய்மானத்துக்கு 5. ஆக 104 வெள்ளி.

சரி, உங்கள் வட்டாரத்தில் 80 வெள்ளிக்கு மேல் யாரும் கொடுப்பதில்லை என்றால்? 80-இல் செலவு 20 போக 60. அதை 280 நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு 12 வெள்ளி 86 காசு. தரையைவிட மேல்தான், ஆனால் இ.பி.எஃப் இல்லை, காய்ச்சல் வந்தால் அன்றைக்கு வருமானமும் இல்லை.

இங்கே விலையோடு மல்லுக்கட்ட வேண்டாம், நேரத்தில் கை வையுங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போட்டுப் பார்த்துத் திருத்திய அளவில் பிரவுன் பேப்பரில் ஒரு பேட்டர்ன் வெட்டி, பெயரும் தேதியும் எழுதி மாட்டி வையுங்கள். திருத்துவதற்கு முந்தைய பேட்டர்னை வைத்துப் பயனில்லை. முதல் பிளவுஸைப் பிரித்துத் தைத்த அன்றைக்கே, தோளில் எவ்வளவு குறைத்தீர்கள், கைக்குழியில் எவ்வளவு இறக்கினீர்கள் என்பதைப் பேப்பருக்கு மாற்றுங்கள். நாளைக்கு என்று விட்டால் மறந்துபோகும்.

அதே ஆள் இரண்டாவது பிளவுஸுக்கு வரும்போது அளவெடுப்பில் 15, வெட்டுவதில் 10, பிரித்துத் தைப்பதில் 25 என்று 50 நிமிடம் மிச்சம். இப்போது 230 நிமிடம். அதே 80 வெள்ளியில் மணிக்கு 15 வெள்ளி 65 காசு வந்துவிட்டது. ஒரு காசு விலை ஏற்றவில்லை. அதனால்தான் புது வாடிக்கையாளரைத் தேடி விளம்பரத்துக்குச் செலவழிப்பதைவிட பழைய வாடிக்கையாளரின் பேட்டர்னைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறேன். வந்தவருக்கு அக்கா தங்கை இருந்தால் அவர்களுக்கும் ஒன்று.

படி 4: மாதக் கணக்கை ஆண்டுக் கணக்காக்குங்கள்

பழைய வாடிக்கையாளரின் பிளவுஸ் ஒரு நாளைக்கு இரண்டு, தலா 230 நிமிடம், அதாவது 7 மணி 40 நிமிட வேலை. மாதம் 24 நாள் என்றால் 48 பிளவுஸ், செலவு போகத் தலா 60 வெள்ளி, ஆக 2,880. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தீபாவளிக்கு முந்தைய மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கக் கூடாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, மெஷினுக்குத் தூசிதான். எட்டு மாதம் முழு வேலை, நான்கு மாதம் பாதி வேலை என்று வைத்தால் ஆண்டுக்கு 28,800, மாதச் சராசரி 2,400.

இப்போது ஓரத்தில் எழுதிய 2,486-ஐப் பாருங்கள். 2,200 சம்பள வேலை உங்களைவிடக் கொஞ்சம் மேலேயே இருக்கிறது! பயமுறுத்தச் சொல்லவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டே, டோலும் பார்க்கிங்கும் கட்டாமல் வரும் 2,400-க்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பு உங்கள் வீட்டில் எவ்வளவு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காலி மாதங்களை நிரப்ப, நோன்புப் பெருநாளுக்கு மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் தைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நோன்புப் பெருநாள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்வதால், இந்த ஆண்டு நிரம்பிய மாதம் சில ஆண்டுகளில் காலியாகும். நாள்காட்டியைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

வருமானத்தை உண்மையில் ஏற்றுவது பிளவுஸ் எண்ணிக்கை அல்ல, வேலையின் வகை. துணியில் கல்லும் மணியும் வைத்துத் தைக்கும் ஆரி ஒர்க், கல்யாண பிளவுஸ், சேலை மடித்து அயர்ன் செய்து கொடுப்பது, மணப்பெண்ணுக்குச் சேலை கட்டிவிடுவது. ஆரிக்கும் ஸ்டாப்வாட்ச்தான். “பார்க்க கிராண்டா இருக்கு” என்று விலை போடாதீர்கள். பெரிய கல் சீக்கிரம் நிரம்பும், பொடி மணி உயிரை எடுக்கும்.

கைவேலைக்காரர் எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டால் பினாங்குப் பிள்ளை ஜிம்மி சூவைச் சொல்வார்கள். செருப்புத் தைக்கும் குடும்பம், லண்டனில் படிப்பு, இளவரசி டயானா வாடிக்கையாளர். எல்லோரும் இதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். 2001-இல் அவர் நிறுவனத்தில் தமக்கிருந்த பாதிப் பங்கை விற்றார். அவர் பெயரில்தான் கடைகள் இன்னும் ஓடுகின்றன. பெரிய பணம் பெயரிலும் பங்கிலும் இருந்தது. ஆகவே உங்கள் பிளவுஸில் இன்றே ஒரு லேபிள் வைத்துத் தையுங்கள்.

படி 5: மெஷின்

வீட்டு மெஷினில் தொடங்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு பிளவுஸ் என்ற நிலைக்கு வந்ததும் ஜூக்கி டிடிஎல்-8700 போன்ற இண்டஸ்ட்ரியல் ஒற்றை ஊசி மெஷின் வாங்கிவிடுங்கள். நூறு டிசைன் போடும் கம்ப்யூட்டர் மெஷின் வேண்டாம். நேர்த்தையல் ஒன்றைத்தான் நாள் முழுக்கப் போடுவீர்கள், அதை ஒழுங்காகப் போடும் மெஷின் போதும்.

பழைய மெஷின் வாங்கினால் மோட்டாரைப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வருவதில் சில மூன்று ஃபேஸ் மோட்டார், வீட்டு பிளக்கில் ஓடாது. கிளட்ச் மோட்டாராக இருந்தால் பேரத்தில் அடித்துக் குறைத்து, சர்வோ மோட்டார் மாற்றுங்கள். மெஷின் சும்மா நிற்கும்போது சர்வோ சத்தம் போடாது. அடுக்குமாடியில் இரவு பத்து மணிக்குத் தைப்பவர்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

ஊசியிலும் கவனம். வீட்டு மெஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், இண்டஸ்ட்ரியல் டிபி×1 ஊசி முழு வட்டம். மாற்றிப் போட முடியாது. பட்டுக்கு 9 அல்லது 11 எண் ஊசி.

லைனிங்கும் லேஸும் வாங்க ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான், மஸ்ஜித் இந்தியா பக்கம் வார நாள் காலையில் போங்கள். மணிகளை வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரவழைத்தால், 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் 2024 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதையும் விலையில் சேர்க்க மறக்க வேண்டாம்.

படி 6: பதிவு

தொழில்களைப் பதியும் அரசு ஆணையமான எஸ்.எஸ்.எம்-இல் சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும். அதன் எஸ்பிஸ் இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே முடிக்கலாம். பதிவு இருந்தால்தான் சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலின் இந்தியத் தொழில்முனைவோர் கடனான ஸ்பூமிக்கும் மனுப்போட முடியும். முதல் மெஷினுக்குக் கடன் வாங்காதீர்கள். இரண்டாவது மெஷினுக்கும் ஓவர்லாக்குக்கும் வாங்கலாம்.

அப்புறம் ஐ-சாரான். முதலாளி இல்லாதவர் தாமாக இ.பி.எஃப் போடும் திட்டம். 2025 நிலவரப்படி ஆண்டுக்கு 2,500 வெள்ளி போட்டால் அரசு 500 வெள்ளி சேர்க்கிறது. மாதம் 210 வெள்ளிக்கும் குறைவு. இதைச் செலவுக் கணக்கில் எழுதுங்கள், மிச்சம் இருந்தால் போடலாம் என்று விடாதீர்கள்.

பின்சேர்க்கை: நீங்கள் கேட்டவை

“சொந்தக்காரர்களுக்கு என்ன விலை?” என்று பலர் கேட்டிருந்தீர்கள். சித்தியிடம் 104 வெள்ளி வாங்க என்னாலும் முடியாது. பில்லில் முழு விலையை எழுதி, கீழே தள்ளுபடி என்று எழுதி, மீதியை வாங்குங்கள். அடுத்த முறை சித்தி தன் சிநேகிதியை அனுப்பும்போது “அவ இருபது வெள்ளிக்குத் தைப்பா” என்று சொல்ல மாட்டார்.

முன்பணம் பற்றி: பாதி வாங்கிய பிறகே துணியை வெட்டுங்கள். தீபாவளி ஆர்டரை எந்தத் தேதியில் மூடுகிறீர்கள் என்று ஒரு மாதம் முன்பே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள். அதற்குப் பிறகு வருபவரிடம் அவசரக் கூலி கேளுங்கள், தயங்க வேண்டாம்.

சேலையோடு வரும் பிளவுஸ் துணி முழங்கை வரை கை வைக்கப் போதவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். வாங்கும்போதே வாடிக்கையாளர் முன்னால் விரித்து அளந்து, போதாது என்றால் அங்கேயே சொல்லுங்கள். ஒட்டுப் போடுவதா, கையைக் குறைப்பதா என்று அவர் சொன்னதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

பத்து வருடமாகத் தைக்கிறேன், சான்றிதழ் இல்லை என்று கேட்ட அக்காவுக்கு: எஸ்.கே.எம் என்ற மலேசியத் திறன் சான்றிதழை முழுநேர வகுப்புக்குப் போகாமலும் எடுக்கலாம். பி.பி.டி என்ற வழியில் உங்கள் அனுபவத்தைக் கோப்பாகத் தொகுத்துக் காட்ட வேண்டும். அதற்கு ஆதாரம் கேட்பார்கள். ஆகவே இன்றிலிருந்து பேட்டர்ன், வெட்டிய துணி, முடிந்த உடை என்று ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். படத்தில் வாடிக்கையாளர் முகம் வேண்டாம், உங்கள் கை தெரிந்தால் நல்லது.