செங்கல் சிவப்பு ஏன் சேறாகிறது? டெக்ஸ்ச்சர் பேக் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டிகளை அடுக்கி உலகம் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டில் சென்னையைக் கட்ட ஆசைப்படும் பிள்ளைகள், கட்டடங்களோடு நிறங்களையும் சேர்த்தே கனவு காண்கிறார்கள். 1892இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றத்தின் செங்கல் சிவப்பு, ரிப்பன் மாளிகையின் வெள்ளை, மெரினா மணல் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, சொந்தமாக ஒரு டெக்ஸ்ச்சர் பேக், அதாவது கட்டிகளின் மேற்பரப்புப் படங்களை மாற்றும் கோப்புத் தொகுப்பு, தயாரிக்கிறார்கள். ஓவிய மென்பொருளில் பளிச்சென்று இருந்த நிறம், விளையாட்டுக்குள் போனதும் சேறு பூசியதுபோல் ஆகிவிடுகிறது. உடனே பழி மானிட்டர் மேல் விழுகிறது. பெரும்பாலும் மானிட்டர் குற்றமற்றது. கோப்பில் நாம் தீட்டுவது ஒரு நிறம். அதை விளையாட்டு கணக்குப் போட்டுத் திரையில் காட்டுவது வேறொரு நிறம். இதைத் தெரிந்துகொள்ளாமல் தூரிகையை எடுப்பதுதான் முதல் தவறு. (இங்கே சொல்வதெல்லாம் மைன்கிராஃப்டின் கணினிக்கான ஜாவா பதிப்பைப் பற்றியது.)

புல்லையே எடுத்துக்கொள்வோம். புல் கட்டியின் மேற்பரப்புப் படத்தைத் திறந்து பார்த்தால் அது பச்சையாகவே இருக்காது, சாம்பலாக இருக்கும். பயோமுக்கு, அதாவது சமவெளி, சதுப்பு போன்ற நிலப்பகுதி வகைக்கு ஏற்ற பச்சையை விளையாட்டு அதன்மேல் பெருக்கிப் பூசுகிறது. 0 முதல் 255 வரையிலான அளவில் சமவெளிப் புல்லின் சாயம் சிவப்பு 145, பச்சை 189, நீலம் 89. கோடைக்காலத்துக் காய்ந்த புல் வேண்டும் என்று ஒருவர் அந்தச் சாம்பல் படத்தில் 180, 140, 60 என்ற பழுப்பைத் தீட்டுகிறார் என்று வையுங்கள். ஒவ்வோர் எண்ணையும் சாயத்தின் எண்ணால் பெருக்கி 255ஆல் வகுத்தால் கிடைப்பது 102, 104, 21. பொன்னிறப் புல்லை எதிர்பார்த்தவருக்குப் பாசி பிடித்த நிறம்தான் மிச்சம்.

சாம்பல் படத்தைச் சாம்பலாகவே விட்டுவிட வேண்டும். மாற்ற வேண்டியது கலர்மேப் ஃபோல்டரில் இருக்கும் புல், இலை ஆகிய இரண்டு படங்களை. ஒவ்வொன்றும் 256க்கு 256 பிக்சல். பயோமின் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து எந்தப் புள்ளியின் நிறம் எடுக்கப்படும் என்பதை முடிவு செய்கின்றன. ஆனாலும் சில இடங்கள் இந்தப் படத்துக்குக் கட்டுப்படாது. சதுப்பு நிலப் புல்லின் நிறமும், பிர்ச், ஸ்ப்ரூஸ் இலைகளின் நிறமும் விளையாட்டின் நிரலிலேயே எழுதப்பட்டவை. தண்ணீரும் அப்படித்தான்: 1.13 பதிப்பிலிருந்து அதன் படம் சாம்பல், நீலம் பயோமிலிருந்து வருகிறது. வங்கக் கடலின் கலங்கிய நிறத்தைப் படத்தில் தீட்டினால் அது நீலத்தோடு பெருகி இருண்டுபோகும். பயோமின் நீலத்தையே மாற்ற, விளையாட்டின் அமைப்புகளை மாற்றும் டேட்டா பேக் என்ற வேறொரு தொகுப்பு வேண்டும்.

அடுத்தது சுவர். ஒரே கட்டியின் ஆறு பக்கங்களையும் ஒரே வெளிச்சத்தில் வரைவதில்லை மைன்கிராஃப்ட். மேற்பக்கம் முழு வெளிச்சம், வடக்கு, தெற்குப் பக்கங்கள் 80 சதவீதம், கிழக்கு, மேற்கு 60, அடிப்பக்கம் 50. நீங்கள் தேர்ந்தெடுத்த செங்கல் சிவப்பு 160, 60, 45 என்றால், கிழக்குச் சுவரில் அது 96, 36, 27 ஆக இறங்கிவிடும். அது செங்கல் நிறமே அல்ல, கருகிய நிறம். எனவே கோப்பில் உள்ள நிறம் கண்ணுக்குக் கொஞ்சம் வெளிறியதாகவே இருக்க வேண்டும். தி. நகரில் புடவை எடுக்கும்போது கடை வெளிச்சத்தை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்பார்களே, அதே வேலைதான் இது. எஃப் 3 (F3) விசையை அழுத்தியபடி டி (T) விசையைத் தட்டினால் பேக் புதிதாக ஏறிவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பகலில், அந்தியில், குகைக்குள் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படத்துக்குப் போக வேண்டும்.

புகைப்படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுப்பதும் ஆபத்தானது. நடுப்பகல் வெயிலில் எடுத்த உயர் நீதிமன்றப் படத்தில் வெயில் பட்ட செங்கல் ஒரு சிவப்பு, நிழலில் இருப்பது வேறொரு சிவப்பு. செல்பேசி கேமரா தன் பங்குக்கு நிறத்தைக் கூட்டியும் வைத்திருக்கும். அந்த நிழல்களோடு நிறத்தை எடுத்தால், விளையாட்டு தன் நிழலையும் அதன்மேல் போடும். அதைவிட, நேரில் நின்று பார்த்து, அடிப்படை நிறம் ஒன்று, அதைவிட இருண்டது ஒன்று, வெளிச்சமானது ஒன்று என மூன்றே நிறங்களை முடிவு செய்வது மேல். இருண்ட நிறத்துக்குக் கறுப்பைக் கலக்காதீர்கள். லேசாக ஊதா பக்கம் நகர்த்துங்கள். வெளிச்சமான நிறத்தை மஞ்சள் பக்கம் நகர்த்துங்கள். 16க்கு 16 பிக்சலில் இந்தச் சிறு நகர்வுதான் செங்கலுக்கு உயிர் தருகிறது. ரிப்பன் மாளிகைக்காகச் சுத்த வெள்ளையை அப்படியே நிரப்புவதும் வேண்டாம். 255க்கு மேல் போக இடமில்லாததால் விளிம்பும் வேலைப்பாடும் காணாமல் போகும். சற்றுக் குறைந்த பாலாடை வெள்ளை போதும்.

எல்லாப் படங்களையும் ஒரே அடியாகத் தேர்ந்தெடுத்து நிறத்தை ஒட்டுமொத்தமாக மாற்றிவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு இது பிடிக்கவே பிடிக்காத குறுக்குவழி. நிறம் அலங்காரம் மட்டுமல்ல, விளையாடுபவருக்குத் தகவலும்கூட. ரெட்ஸ்டோன், செம்பு ஆகிய இரண்டு தாதுக்களும் ஒன்றுபோல் தெரிந்தால் சுரங்கத்தில் இறங்கியவர் என்ன செய்வார்? 2021இல் வந்த 1.17 பதிப்பில் பல தாதுக்களின் புள்ளி வடிவங்களைத் தனித்தனியாக மாற்றியதே, நிறக்குருடு உள்ளவர்களும் அடையாளம் காண வேண்டும் என்பதற்காகத்தான். உங்கள் பேக்கின் படம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் தாதுக்கள் கல்லிலிருந்து பிரிந்து தெரிந்தால் வேலை சரி.

கோப்புத் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஜிப் செய்தால் பேக் பட்டியலிலேயே வராது, பேக்கின் விவரத்தைச் சொல்லும் பேக்.எம்சிமெட்டா (pack.mcmeta) கோப்பு ஜிப்பைத் திறந்ததும் முதலிலேயே இருக்க வேண்டும். பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்து கூடாது. 2018க்கு முந்தைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்தால் ‘பிளாக்ஸ்’ என்ற ஃபோல்டர் அமையும்; 1.13க்குப் பிறகு அது ‘பிளாக்’. பெயர் தவறினால் எச்சரிக்கையே இல்லாமல் பழைய படம் அப்படியே நிற்கும். படங்கள் பிஎன்ஜி வடிவில்தான் இருக்க வேண்டும். மென்மையான தூரிகை வேண்டாம். அது விளிம்பில் நீங்கள் தேர்ந்தெடுக்காத நிறங்களைச் சேர்த்துவிடும், பென்சில் கருவியே நல்லது.

வேறொருவர் செய்த பேக்கிலிருந்து படம் எடுத்து நிறம் மட்டும் மாற்றியிருந்தால், அதை வெளியிடும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். உங்கள் கணினியில் நீங்கள் மட்டும் போட்டுப் பார்ப்பதற்கு அது பொதுவாகத் தேவைப்படாது. பிறர் பதிவிறக்கும்படி வைப்பதற்குக் கட்டாயம் தேவை.